காசு தருபவர்தான் கேள்வியையும் தருகிறாரா? ஆராய்ச்சி நிதி பற்றிக் கேள்வி பதில்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் தண்ணீர் சோதித்தவன் நான். கடைசிச் சில வருடங்கள் மற்றவர்களின் நிதி விண்ணப்பங்களுக்குப் புள்ளியும் போட்டேன். ஆராய்ச்சிக்குக் காசு எப்படி வருகிறது, வந்தபிறகு ஆராய்ச்சியை என்ன செய்கிறது என்று கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

வெள்ளவத்தை, முதுகலை மாணவி: சேர், என் மேற்பார்வையாளர் விண்ணப்பத்தில் ‘நானோ’ என்ற சொல்லைப் போடச் சொல்கிறார். என் வேலையில் நானோ எதுவும் இல்லை. இது பொய் இல்லையா?

அவர் அனுபவத்தில் சொல்கிறார், தங்கச்சி. நானோ என்றால் கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய அளவில் பொருட்களைக் கையாளுவது. 2000இல் அமெரிக்கா தேசிய நானோ தொழில்நுட்பத் திட்டத்தை அறிவித்தது. அதற்குப் பிறகு எங்கு பார்த்தாலும் அந்தச் சொல்லுக்குக் காசு. இங்கேயும் 2008இல் ஸ்லின்டெக் என்ற நானோ தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. அதுவரை களிமண் என்று எழுதியவர்கள் நானோ களிமண் என்று எழுதினார்கள். இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு.

நானும் செய்தவன்தான். கற்பிட்டியில் கிணற்று நீரில் உரத்திலிருந்து சேரும் நைத்திரேற்று எவ்வளவு என்று மாதாமாதம் அளக்க நினைத்தேன். மணல் தரை, வெங்காயத்துக்குப் போடும் யூரியா நேரே கீழே இறங்கும். ஒரு வருடம் மழை கொட்டும், மறு வருடம் ஏமாற்றும். அதனால் பத்து வருடமாவது அளந்தால்தான் ஏதாவது சொல்லலாம். ‘இதில் புதுமை என்ன?’ என்ற ஒரே வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது. அடுத்த வருடம் நைத்திரேற்றை உறிஞ்சும் நானோ வடிகட்டி என்று எழுதினேன். 24 மாதத்துக்குக் காசு கிடைத்தது. வடிகட்டிக் கணக்கில் பஸ் ஏறிப்போய்க் கிணறுகளையும் அளந்தோம். 24ஆம் மாதத்தோடு கொப்பியில் எண்கள் நின்றுவிட்டன. வடிகட்டி பற்றி ஒரு கட்டுரை வந்தது, அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கிணற்று எண்களைத்தான் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். அந்தச் சொல்லுக்கு ஒரு பரிசோதனையாவது உண்மையில் செய்வீர்கள் என்றால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். நேர்முகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கொட்டாஞ்சேனை, வங்கி ஊழியர்: இலங்கை ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவழிக்கிறது?

நாட்டின் மொத்த உற்பத்தியை 100 ரூபா என்று வைத்தால், பத்துப் பன்னிரண்டு சதம். இந்தியாவில் அது அறுபது சதத்தைச் சற்றுத் தாண்டும், தென் கொரியாவில் நான்கு ரூபாவுக்கு மேல். இதிலும் ஒரு கூத்து நடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, மே மாதம் 360. அதற்கு முன்பே ரூபாவில் அனுமதியான தொகை அப்படியே இருந்தது, இரசாயனம் இறக்கித் தரும் ஏஜென்ட்டின் விலைதான் இரட்டிப்பை நெருங்கியது. மூன்று தரம் செய்ய வேண்டிய சோதனையை ஒரு தரம் செய்துவிட்டு முடிவு எழுதியவர்களை எனக்குத் தெரியும். குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

தெஹிவளை, ஆசிரியர்: கம்பனிகள் காசு கொடுத்து முடிவையே வாங்கிவிடுகின்றன என்கிறார்களே?

அப்படியும் நடந்திருக்கிறது. 1967இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எழுதிய ஒரு மதிப்பாய்வு, இதய நோய்க்குக் கொழுப்பைக் குற்றம் சாட்டிச் சர்க்கரையைத் தப்ப விட்டது. அதற்குக் காசு கொடுத்தது சர்க்கரைத் தொழிலின் அமைப்பு என்பது 2016இல்தான் வெளியே வந்தது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. நம் தேயிலையைப் பாருங்கள். ஆராய்ச்சி நிலையம் 1925இலேயே வந்துவிட்டது, செலவுக்குத் தேயிலை ஏற்றுமதியில் அறவிடும் செஸ் வரி. 1946இல் தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் தோட்டங்களில் பரவியபோது அதைப் படிக்க ஆட்களும் ஆய்வுகூடமும் தயாராக இருந்தார்கள். நேர்மையான, நல்ல வேலை. இறப்பருக்கும் தென்னைக்கும் தனித்தனி நிலையம் உண்டு. குரக்கனுக்கு? மஹஇலுப்பள்ளமைப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மற்றப் பயிர்களோடு ஒரு மூலை. குரக்கன் பற்றி யாரும் பொய் எழுதவில்லை, கேள்வி கேட்கத்தான் ஆள் குறைவு.

பம்பலப்பிட்டி, உயர்தர மாணவன்: உண்மையான திறமைக்குக் காசு தானாக வராதா?

கத்தலின் கரிகோவைத் தேடிப் படியுங்கள், தம்பி. பிறகு கொவிட் தடுப்பூசிக்கு அடிப்படையான எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். 2023இல் நோபல் பரிசு. இடையில் 28 வருடம். அவர் விடாமல் நின்றார். விட்டுப் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

மருதானை, விரிவுரையாளர்: விண்ணப்பம் எழுதியே வருடம் போகிறது. சீட்டுக் குலுக்கினால் என்ன?

பகிடி இல்லை, செய்கிறார்கள். 2012இல் அவுஸ்திரேலியாவின் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு 3,727 விண்ணப்பங்கள். அவற்றை எழுதப் போன நேரத்தைக் கூட்டினால் 550 வேலை வருடங்கள் என்று கணக்கிட்டார்கள். கிடைத்தது ஐந்தில் ஒருவருக்கு. நியூசிலாந்து 2013இல் ஒரு வகை நிதிக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது.

புள்ளி போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலே உள்ள நாலைந்து விண்ணப்பங்களில் எங்களுக்குள் சண்டை வராது, அடியில் கிடப்பவற்றிலும் வராது. நடுவில் 71 எது, 72 எது என்பது மதியச் சாப்பாட்டுக்கு முன் வாசித்தோமா பின் வாசித்தோமா என்பதைப் பொறுத்தது. அந்த நடுப்பகுதிக்குக் குலுக்கலே நியாயம். ஆனால் இங்கே குலுக்கினால், சீட்டை எடுத்தது யாருடைய மச்சான் என்று கேட்பார்கள்.

முதல் கேள்வி கேட்ட மாணவி மறுபடியும்: சேர், அந்தக் கிணற்றுக் கொப்பியை நான் பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை வீட்டுக்கு வாருங்கள், ஃபோனிலேயே படம் எடுத்துக்கொள்ளலாம். தாள் பழசு, மெதுவாகப் புரட்ட வேண்டும். 11ஆம் மாதத்தில் மூன்று கிணற்றின் எண்களைச் சிவப்பால் வெட்டியிருக்கிறேன். போத்தல் சரியாகக் கழுவப்படவில்லை. அவற்றைச் சேர்க்காதீர்கள்.