விவாகரத்து, ஜீவனாம்சம், சீர்ச் சாமான்: செட்டிநாட்டுக் கேள்விகளும் பதில்களும்

இந்து திருமணச் சட்டம் 1955-க்குள்ளும் அதை ஒட்டிய குடும்பச் சட்டங்களுக்குள்ளும் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில். வளவு வீட்டுப் (பங்காளிகளின் பூர்வீக வீட்டுப்) பங்கு, பாகப்பிரிவினை எல்லாம் தனி வழக்கு. பத்திர நகலோடு சிவில் வக்கீலைப் பாருங்கள்.

தேவகோட்டை: இரண்டு பேருக்கும் சம்மதம். எத்தனை மாதம் ஆகும்?

13பி பிரிவில் சேர்ந்து மனுப் போடுங்கள். அதற்கு முன் ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் 6 மாதம் பொறுத்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது கட்டம். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் அமர்தீப் சிங் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, சமரசத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சமும் பிள்ளை விஷயமும் பேசி முடிந்தது என்றால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். அதற்குத் தனி மனுப் போட வேண்டும், தானாக நடக்காது. தீர்ப்புக்கு முன்னால் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேசிய தொகையை முழுதாக முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதி முதல் கட்டத்தில், மீதி இரண்டாவது கட்டத்தில், வரைவோலையாக, நீதிபதி முன்னிலையில்.

கண்டனூர்: ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பிரிந்து இருந்ததாக ஆகுமா?

ஆகும். புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்பதுதான் கணக்கு, கூரை எத்தனை என்பதல்ல. 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நம் பக்கத்தில் ‘வேறு வைத்தோம்’ என்பதை இதோடு குழப்பாதீர்கள். அது மகனும் மருமகளும் பெற்றோரிடமிருந்து தனி உலை வைப்பது. மனுவில் அதை எழுதினால் சேர்ந்து குடித்தனம் நடத்தியதற்குத்தான் சாட்சியாகும்.

கோட்டையூர்: பெரியவர்கள் முன்னிலையில் பத்திரத்தில் எழுதி அத்துவிட்டோம். மறுமணம் செய்யலாமா?

கூடாது. முத்திரைத்தாளும் நோட்டரி முத்திரையும் விவாகரத்து ஆகாது. 29(2) பிரிவு வழக்காறான மணவிலக்கைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அது தொன்றுதொட்டு நடந்துவரும் வழக்கம் என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாம் கல்யாணம் செல்லாது, குற்றமும் கூட.

பள்ளத்தூர்: மகளுக்கு வைத்த வெள்ளி, பாத்திரம், நகை எல்லாம் அவர்கள் வீட்டில் இருக்கிறது. எப்படிக் கேட்பது?

பெண்ணுக்குக் கொடுத்தது, பிறந்த வீடு கொடுத்தாலும் புகுந்த வீடு கொடுத்தாலும், அவளுடைய சீதனம். 1985-ல் உச்ச நீதிமன்றத்தின் பிரதிபா ராணி வழக்கிலேயே, கணவன் கையில் அது ஒப்படைப்பாகத்தான் இருக்கிறது, திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடி என்று தீர்ந்துவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டம் 19(8)-ன்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) திருப்பித் தரச் சொல்லி உத்தரவிடலாம்.

சிக்கல் சட்டத்தில் இல்லை, சாட்சியத்தில். கல்யாணத்தில் சாமான் பரப்பி வைத்தபோது எழுதிய பட்டியலை எடுங்கள். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 1985 விதிகளின்படி அதில் பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, மாப்பிள்ளை பெண் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் ‘வெள்ளிக் குடம் 1’ என்று எழுதி விட்டுவிடுகிறார்கள். எடை இல்லாமல் எந்தக் குடம் என்று எப்படிக் காட்டுவது? பட்டியல் இல்லாவிட்டால் கடை ரசீது, பரப்பிய போட்டோ, வீடியோ.

காரைக்குடி: அண்ணே, பணம் போட்டது பெண்ணின் அப்பச்சி (அப்பா). அவர்தானே கேட்க வேண்டும்?

இல்லை தம்பி. 2024-ல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத் தீர்த்தது: உயிரோடிருக்கும் மகளின் சீதனத்தை, அவள் அதிகாரம் கொடுக்காமல் தகப்பனார் கேட்க முடியாது.

மறுபடியும் காரைக்குடி: மாமியாருக்கு என்று வைத்த சாமான்? அதுவும் பெண்ணுக்காகத்தானே வைத்தோம்?

யாருக்காக என்பது வேறு, யாரிடம் கொடுத்தோம் என்பது வேறு. மாமியார் பேருக்கு விரும்பி வைத்தது தானாகச் சீதனம் ஆகாது. கேட்டு வாங்கிய வரதட்சணை என்று காட்டினால், 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் பெண்ணிடம் சேர்க்க வேண்டும். ‘எங்கள் வழக்கம்’ என்று நீங்களே சொல்லிக்கொண்டு, ‘கேட்டு வாங்கினார்கள்’ என்றும் மனுவில் எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

புதுவயல்: 6 மாதம் கட்டாயமா?

தேவகோட்டைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சிங்கப்பூர்: இங்கே வாங்கிய விவாகரத்து ஊரில் செல்லுமா?

காரைக்குடியில் நடந்த கல்யாணம் என்றால் எச்சரிக்கை. 1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நம் சட்டத்தில் உள்ள காரணத்தின் மேல் கொடுத்த தீர்ப்பாக இருக்க வேண்டும். எதிர்த் தரப்பு உண்மையாகவே ஆஜராகி வழக்காடியிருக்க வேண்டும், அல்லது சம்மதித்திருக்க வேண்டும். நோட்டீஸ் மட்டும் அனுப்பி ஒருதலையாக வாங்கிய தீர்ப்பு இங்கே பெரும்பாலும் நிற்காது.

செக்காலை: மூன்று வயதுப் பிள்ளை யாரிடம்?

ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம். அதற்கு மேலும் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். தகப்பனாருக்குப் பார்க்கும் உரிமை உண்டு, அதைத் தடுக்காதீர்கள்.

கானாடுகாத்தான்: கடை நஷ்டம் என்று சொல்லி ஜீவனாம்சம் மறுக்கிறார்.

உச்ச நீதிமன்றத்தின் 2020 ரஜனேஷ் வழக்குக்குப் பின் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். வங்கிக் கணக்கு, வருமான வரி, வண்டிப் பதிவு, ஜிஎஸ்டி நகல்களைக் கேட்டு மனுப் போடுங்கள். தொகை மனுத் தேதியிலிருந்தே கணக்கு, அதனால் நாள் கடத்தாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசம்.

குன்றக்குடி: வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். பெரியவர் கேட்டாலும், சமரசத்துக்கு என்றாலும், எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம். ஏற்கெனவே போட்டுவிட்டால் இன்றே, வாங்கியவர்களுக்குப் பதிவு வசதியோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எத்தனை தாளில் வாங்கினார்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.