30 மில்லிமீட்டர்

அன்புள்ள ஐயா,

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்கள் வரையும் வேலை எனக்கு. நானும் இரண்டு நண்பர்களும் ஓய்வு நேரத்தில் ஒரு புது ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை வரைந்துகொண்டிருக்கிறோம். லைக்கா எம் வகை லென்ஸ்கள் பொருந்தும் எம் மவுண்ட், 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மனதில் வைத்திருக்கிறோம். உடல் சிறியதாக வேண்டும் என்பதால் ரேஞ்ச்ஃபைண்டர் பேஸை, அதாவது ஃபோகஸ் பார்க்கும் இரண்டு சாளரங்களின் இடைவெளியை, 30 மி.மீ. ஆக்கிவிட்டோம். வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.6 மடங்கு, மேல்மூடி பிளாஸ்டிக். ஷட்டரில்தான் சண்டை. மெக்கானிக்கலா, எலெக்ட்ரானிக்கா? நீங்கள் சொன்னால் முடிவெடுப்போம்.

ம., பினாங்கு

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று பழைய நெகட்டிவ்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். நம்ம ஊர் ஈரத்தில் பாதிக்கு மேல் பூஞ்சை. தப்பிய ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது மனது கனத்துவிட்டது. அன்று மாலையே உங்கள் கடிதம்.

ஷட்டர் சண்டையை இன்றோடு விடுங்கள். எலெக்ட்ரானிக்கே இருக்கட்டும். 2002இல் வந்த லைக்கா எம்7இல் பேட்டரி தீர்ந்தாலும் 1/60, 1/125 என்று இரண்டு வேகங்கள் ஓடும். அதைப்போல இரண்டை விட்டுவையுங்கள், போதும். பிளாஸ்டிக் மூடியும் சரி, உள்ளே கண்ணாடிகள் உட்காரும் சட்டம் மட்டும் உலோகமாக இருக்க வேண்டும்.

ஆனால் தம்பி, "30 மி.மீ. ஆக்கிவிட்டோம்" என்று போகிற போக்கில் எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மூன்று பேர் உட்கார்ந்து வரைகிறீர்கள், ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா? ரேஞ்ச்ஃபைண்டர் என்பதே அந்த இடைவெளிதான். இரண்டு சாளரங்கள் தள்ளித் தள்ளி இருப்பதால்தான் நடுவிலுள்ள பொட்டில் இரண்டு உருவங்கள் விலகித் தெரிகின்றன, நாம் அவற்றைச் சேர்க்கிறோம். இடைவெளி குறைந்தால் விலகலும் குறையும். சேர்ந்துவிட்டதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியாது.

பேஸை உருப்பெருக்கத்தால் பெருக்கிப் பாருங்கள், கண்ணுக்கு உண்மையில் கிடைக்கும் இடைவெளி அதுதான். உங்களுடையது 18 மி.மீ. 1954இன் லைக்கா எம்3இல் அது ஏறக்குறைய 62. நம் இரண்டு கண்களுக்கு இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேமராவை வரைந்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடும். சிறிய உடல்தான் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. கொசினா செய்த பெஸ்ஸா ஆர்3ஏயில் பேஸ் வெறும் 37 மி.மீ.தான். ஆனால் வியூஃபைண்டர் சரியாக 1 மடங்கு, அதனால் 37 முழுதாகக் கையில் நின்றது. அதற்கு விலையாக 40 மி.மீ.ஐவிட அகலமாகப் பார்க்கும் லென்ஸுக்கு, படத்தின் எல்லையைக் காட்டும் கட்டத்தை வியூஃபைண்டரில் போட முடியவில்லை. அது யோசித்துக் கொடுத்த விலை. நீங்கள் பேஸையும் குறைத்து உருப்பெருக்கத்தையும் குறைத்திருக்கிறீர்கள். அப்புறம் அதன்மேல் எஃப் 1.4 லென்ஸை மாட்டப்போகிறீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸை முழுதாகத் திறந்தால் கூர்மையாக விழுவது மூன்று சென்டிமீட்டர் சொச்சம். காகிதக் கணக்கில் உங்கள் 18 தட்டுத்தடுமாறித் தேறும். ராத்திரி வெளிச்சத்தில், இரண்டு தடவை கீழே விழுந்த கேமராவில் தேறாது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த நெகட்டிவ். லெபு பாசாரில் எங்கள் பாட்டி அஞ்சடியில், கடைகளின் முன்னுள்ள கூரை போட்ட நடைபாதையில், உட்கார்ந்து பூத்தொடுப்பார். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி, கடைக்குள்ளிருந்து வரும் ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சம். என்னிடம் இருந்தது கையடக்கமான ஒரு ரேஞ்ச்ஃபைண்டர், எஃப் 1.7 லென்ஸ். பொட்டில் அவர் கண்ணைச் சேர்த்தேன், சேர்ந்துவிட்டது என்றே நம்பினேன். "எடுத்துட்டியா, வேலை கிடக்கு" என்றார். எடுத்தேன். கழுவிப் பார்த்தால் மல்லிகையும் நாரும் விரலும் ஊசிபோலக் கூர்மை, முகம் முழுக்க மங்கல். அடுத்த தைப்பூசத்துக்கு அவர் இல்லை. பல வருடம் கழித்து அந்தக் கேமராவைத் திறந்து அளந்து பெருக்கிப் பார்த்தேன். 20கூட வரவில்லை.

கைகள் கூர்மையாக இருப்பதுதான் அழகு என்று அந்தப் படத்தைப் பார்த்த சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர் கண் வேண்டும்.

மற்றபடி மூன்று பேர் இந்த ஊரில் உட்கார்ந்து ஒரு கேமரா வரைகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். பேஸை 45க்குக் கொண்டுபோங்கள், வியூஃபைண்டரை 0.8 ஆக்குங்கள். உடல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளுமா, நீளட்டும். மாதிரி ஒன்று செய்ததும் சொல்லுங்கள். ஏதாவது ஒரு சனிக்கிழமை, ஏழு மணிக்குமேல், அதே அஞ்சடிக்கு வருகிறேன். அங்கே இப்போதும் ஒருவர் பூத்தொடுக்கிறார். அவரிடம் கேட்டுக்கொண்டு முழுத் திறப்பில் ஒரு ரோல் எடுத்துப் பார்ப்போம்.