45 செ.மீ. வரிசைக்கு 75 செ.மீ. முகப்பு பொருந்துமா?

வணக்கம் ஐயா. 45 செ.மீ. இடைவெளியில் விதைத்த மக்காச்சோளத்தை, வாடகை அறுவடை இயந்திரத்தின் 75 செ.மீ. வரிசை இடைவெளிக்கான கதிர் பறிக்கும் முகப்பால் (இயந்திரத்தின் முன்னால் பொருத்தும் அறுவடைப் பகுதி) அறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். தட்டை முகப்பிலுள்ள இரண்டு உருளைகளுக்கு நடுவே நேராக நுழைந்து கீழே இழுக்கப்பட்டால்தான், கதிர் உருளைகளுக்கு மேலுள்ள தகட்டில் தடுக்கப்பட்டு ஒடியும். வரிசை விலகி நின்றால் தட்டை பக்கவாட்டில் வளைந்து, உருளையை எட்டும் முன்பே கதிர் மண்ணில் விழுந்துவிடும், பிறகு அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும். ஆகவே வரிசை அளவைப் பொருட்படுத்தாமல் தட்டையோடு வெட்டி உள்ளிழுக்கும் முகப்புள்ள இயந்திரத்தைத் தேடுங்கள். நிறையத் தட்டை உள்ளே செல்லும் என்பதால் மெதுவாகவே ஓட்டச் சொல்லுங்கள். மணியின் ஈரம் 20 முதல் 25 விழுக்காட்டில் இருக்கும்போதே அறுத்து உடனே உலர்த்துவது நல்லது, ஏனெனில் தாமதித்தால் தட்டை சாய்ந்து இழப்பு கூடும். அடுத்த பட்டத்தில் விதைக்கும் முன்பே இயந்திரக்காரரிடம் முகப்பின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.