காரைக் களிமண்ணில் கிடைத்த பொடிப் புதைபடிவங்களை எப்படி இனம் காண்பது?

பெரம்பலூர் பக்கம் காரையில் எடுத்த களிமண்ணைக் கரைத்தபோது கடுகு, மிளகு அளவில் சுருண்டதும் நீண்டதுமாக என்னென்னவோ கிடைத்ததாகவும், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும்படியும் கேட்டிருக்கிறீர்கள். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் முதலில் அவற்றைப் பாருங்கள்.

நான் முதல் தடவை காரைக்குப் போனபோது சுருண்ட சிறு வட்டுகளைக் கைநிறையப் பொறுக்கி வந்து, டப்பாவில் ‘அம்மோனைட் குட்டிகள்’ என்று எழுதி வைத்தேன். அம்மோனைட் என்பது கணவாய்க்கு உறவான, சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் விலங்கு. ஓராண்டு கழித்துத்தான் உடைந்த ஒன்றை லென்ஸில் பார்த்தேன். உள்ளே ஒரே குழாய். ஒரு தடுப்புகூட இல்லை. அம்மோனைட் என்றால் உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும், ஓடு உதிர்ந்த இடத்தில் அந்தத் தடுப்புகளின் விளிம்பு நெளிநெளியான கோடாகத் தெரியும். என்னிடம் இருந்தது ரோட்டுலேரியா, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்புழு தனக்குக் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் குழாய். உங்கள் படத்தில் இருக்கும் வட்டுகளும் அதுவாகவே இருக்கலாம்.

நீண்டவற்றிலும் இதே சோதனைதான். தோட்டா வடிவத்தில் இருந்து, குறுக்கே உடைந்த இடத்தில் நடுவிலிருந்து சக்கர ஆரங்கள்போலப் படிகங்கள் விரிந்தால் பெலெம்னைட். கணவாயின் பழைய உறவுக்கார விலங்கின் உள்ளோடு. உடைந்த முகம் சாய்வாக, வழவழவென்று மின்னினால் கடல்முள்ளெலியின் முள். ஒவ்வொரு முள்ளும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒற்றைப் படிகம்போல் உடையும் என்பதால் அந்த மினுக்கம்.

காரை மண்ணில் ஜிப்சம் ஏராளம், அது பலரை ஏமாற்றும். நகத்தால் கீறினாலே கோடு விழுந்தால் ஜிப்சம். ஜிப்சத்தைப் போக்கலாம் என்று நினைத்து வினிகரில் கழுவிவிடாதீர்கள், உண்மையான ஓடுகள்தான் கரையும்.

ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போனால்தான் உண்மையான புதையல். களிமண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். காய்ந்த களி தானாகப் பொலபொலவென்று உதிரும். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீரோட்டத்தில் அலசி, மிஞ்சியதை உலர்த்திக் கறுப்புத் தட்டில் தூவி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக எடுங்கள். முத்துகள் ஒட்டியதுபோல் வரவரப் பெரிதாகும் அறைகள் இருந்தால் ஃபோராமினிஃபெரா, ஒற்றைச் செல் உயிரின் ஓடு. அதன் வாய்த்துளை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் பேரினம் வரை போக முடியும். பயறுபோல இரண்டு பருப்பாகப் பிரிவது ஆஸ்ட்ரகோடு, இறால் இனத்துக்கு உறவான நுண்ணிய உயிரின் ஓடு.

அடுத்த மண்ணைச் சலிக்கும் முன் சல்லடையை மெத்திலின் நீலம் என்ற சாயத்தில் முக்கி எடுங்கள். போன தடவை கண்ணியில் சிக்கிய ஓடுகள் நீலமாகிவிடும், அவற்றை ஒதுக்கிவிடலாம். இதைச் செய்யாமல் ஒரு அடுக்கின் ஓட்டை இன்னொரு அடுக்கில் சேர்த்தால் வயதே மாறிப்போகும். எந்த ஓடையில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் எடுத்தீர்கள் என்பதைப் பையிலேயே எழுதி வையுங்கள்.

இப்போதைக்கு, அந்த வட்டுகளில் உடைந்த ஒன்றின் குறுக்கு முகத்தை, பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.