கை நீளம் 32 அங்குலம்தானா? மிச்சிகனுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. என் பழைய கதையை யாரோ எழுதி எனக்கே அனுப்பியது மாதிரி இருந்தது. கார் கம்பெனி வேலைக்காக நோவிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, மதியச் சாப்பாட்டு மேசையில் பிப்ரவரியிலிருந்து ஒரே டிராஃப்ட் பேச்சு, அதாவது அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுப்பதைப் பற்றி. ஒருவன் ஓடிய நேரம், இன்னொருவனுடைய கை நீளம், "டேப் நல்லா இருக்கு" என்று ஏதோ. போன வாரம் மேனேஜர் உங்கள் பக்கம் திரும்பி, டெட்ராய்ட் அணியான லயன்ஸ் யாரை எடுக்க வேண்டும் என்று கேட்க, நீங்கள் தயிர்சாதத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள். இதையெல்லாம் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயமெல்லாம் இல்லை. இது தெரியாததால் யாருக்கும் வேலை போனதில்லை. ஆனால் உங்களுக்குக் கொஞ்சம் ஆசையும் இருக்கிறது, இல்லையென்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்கிறேன். (முதலில் ஒன்று: ஊர் பெயரை நோவி என்று சொல்லாதீர்கள், நோவை. நான் ஒரு வருடம் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் திருத்தவில்லை.)

டிராஃப்ட் என்பது நம் ஊர் பொறியியல் கவுன்சிலிங்கைத் தலைகீழாகப் போட்டது. அங்கே அதிக மார்க் எடுத்த பையன் முதலில் போய் தனக்குப் பிடித்த கல்லூரியை எடுக்கிறான். இங்கே எடுப்பது அணி. அதிலும் போன சீசனில் மட்டமாக ஆடிய அணிக்கு முதல் இடம், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்த அணிக்குக் கடைசி இடம். நடுவில் இடங்களை அணிகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். பையனுக்கு இதில் வாயே கிடையாது, பெயரைச் சொன்ன ஊருக்குப் போக வேண்டியதுதான். 32 அணிகள், 7 சுற்று, மூன்று நாள், இருநூற்று ஐம்பது சொச்சம் பேர். ஐபிஎல் ஏலம் மாதிரி கை தூக்கி விலை ஏற்றுவதும் இல்லை. லீகும் ஆட்டக்காரர்களும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது ஆளாகப் போகிறானோ அதற்கேற்ற சம்பளம் ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடுகிறது.

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆனவர்கள்தான் இதற்குள் வர முடியும். ஆகவே வருகிறவர்கள் எல்லாம் கல்லூரி ஆட்டக்காரர்கள். கல்லூரி ஆட்டம் என்றால் நம் கல்லூரி மைதானத்தை நினைக்காதீர்கள். ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், உட்காருகிறார்கள்.

இனி உங்கள் மேசையில் பறக்கும் வார்த்தைகளுக்கு வருவோம்.

டேப் என்பது ஆட்டப் பதிவு. நாடா போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. டிவியில் நாம் பார்ப்பது பந்தை. தேர்வாளர்கள் பார்ப்பது மேலிருந்து எடுத்த, 22 பேரும் தெரிகிற படம். ஒரே ஆளை மட்டும் வைத்துக்கொண்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்ப்பார்கள். எறிந்த பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவர் என்றால் பந்து தன் பக்கம் வராத நேரத்திலும் முழு வேகத்தில் ஓடுகிறானா, தன்னைத் துரத்துகிறவனிடமிருந்து எத்தனை அடி விலகுகிறான். முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுக்கும் லைன்மேன் என்றால் உடம்பை விடுங்கள், கால். முந்நூறு பவுண்டு ஆள் பின்னால் நகரும்போது கால்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் இருக்கின்றனவா. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்றால், நாலு பேர் மேலே விழ வரும்போது கண் எங்கே இருக்கிறது, வருகிறவன் மேலா, தூரத்தில் ஓடும் நண்பன் மேலா. அப்புறம் யாரை எதிர்த்து இதையெல்லாம் செய்தான் என்ற கேள்வி. சின்னக் கல்லூரிகளை நொறுக்கியதற்கும் அலபாமா மாதிரி பலமான கல்லூரியை எதிர்த்து நின்றதற்கும் ஒரே மார்க் போட முடியாது.

ஒரு ஆட்டத்தை இப்படி ஒரே ஆளைப் பார்த்து முடித்தால் கழுத்து வலிக்கும். ஆனால் எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது அப்படித்தான். விதிப் புத்தகத்தைப் படித்துப் பிடிபடவில்லை.

அடுத்தது கம்பைன். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபோலிஸில் நடக்கும். 1987-லிருந்து அங்கேதான், இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரத்துக்குள். முந்நூறுக்கு மேற்பட்ட பையன்களைக் கூப்பிட்டு உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளப்பார்கள். 40 கெஜம் ஓடச் சொல்வார்கள். 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவார்கள். உயரமாகத் தாண்டுவது, நீளமாகத் தாண்டுவது எல்லாம் உண்டு. நம் கேம்பஸ் இன்டர்வியூ ஆப்டிட்யூட் டெஸ்டுக்குப் பெரியப்பா மாதிரி 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஒன்றும் இருந்தது, 2022-ல் கைவிட்டார்கள். இதில் டிவிக்குப் பிடித்தது 40 கெஜ ஓட்டம். அணிகளுக்கு முக்கியம் மருத்துவப் பரிசோதனை. கம்பைன் தொடங்கியதே அதற்காகத்தான்: ஒரே பையனின் முழங்காலை ஒவ்வொரு அணியும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்ப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று.

அந்த 40 கெஜ நேரத்தை வைத்து யாராவது உங்களிடம் அளந்தால் ஒரு கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் 4.22 விநாடியில் ஓடி சாதனை படைத்தார். சின்சினாட்டி அவரை ஒன்பதாவதாக எடுத்தது. காயம் காயமாகப் பட்டு ஆட்டம் எடுபடவே இல்லை. பத்தாவதாகப் போனவர் பாட்ரிக் மஹோம்ஸ், இன்று லீகின் பெரிய நட்சத்திர குவார்ட்டர்பேக். இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஓடியது 5.28 விநாடி, அவருக்குப் பின்னால் ஒரு எருமை வந்திருந்தால்கூட முந்தியிருக்கும். 2000-ல் 199-வது ஆளாகப் போனார், ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். அதற்காக நேரம் பொய் என்று சொல்ல மாட்டேன். மெதுவாக ஓடும் ரிசீவர் இந்த லீகில் பிழைப்பது கஷ்டம்தான். வாசலைத் தாண்டி உள்ளே வர அந்த எண் வேண்டும், உள்ளே வந்த பிறகு அது பெரிதாக உதவுவதில்லை.

கை நீளம் என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு டெட்ராய்ட் உதாரணமே இருக்கிறது. 2022-ல் முதல் இரண்டு இடத்துக்கு இரண்டு பேர். இருவருக்கும் ஒரே வேலை, எட்ஜ்: விளிம்பிலிருந்து பாய்ந்துபோய் எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது. அப்படி வீழ்த்தினால் அதற்குப் பெயர் சாக். மிச்சிகன் பையன் ஏய்டன் ஹட்சின்சன் கடைசிக் கல்லூரி சீசனில் மட்டும் 14 சாக் எடுத்திருந்தார். ஜார்ஜியாவின் டிரேவான் வாக்கருக்கு மூன்று வருடமும் சேர்த்தே ஒன்பதரை. ஆனால் வாக்கருக்கு 272 பவுண்டு உடம்பு, அதை வைத்துக்கொண்டு 4.51 விநாடி, கை 35 அங்குலத்துக்கு மேல். ஹட்சின்சன் கை 32 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். கை நீளமாக இருந்தால் எதிராளி உங்கள் நெஞ்சில் கை வைப்பதற்கு முன் நீங்கள் அவன் நெஞ்சில் வைத்துவிடலாம், அதுதான் கணக்கு. முதலிடத்தில் இருந்த ஜாக்சன்வில் அளவுகளை நம்பி வாக்கரை எடுத்தது. இரண்டாவதாக இருந்த நம் லயன்ஸ் கண்ணால் கண்டதை எடுத்தது. முதல் வருடம் ஹட்சின்சன் ஒன்பதரை சாக், வாக்கர் மூன்றரை. அந்த வருடம் எங்கள் மேசையில் ஒரே கொண்டாட்டம். ஆனால் நேர்மையாகச் சொன்னால் வாக்கர் வீணாகப் போகவில்லை, அடுத்த இரண்டு வருடமும் பத்து, பத்தரை என்று எடுத்தார். அளவு பார்த்தவனும் முழுத் தப்பில்லை. இதை மட்டும் ஒரு நாள் மேசையில் போட்டுப் பாருங்கள், அப்புறம் நீங்கள் பேசவே தேவையில்லை, அவர்களே ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வார்கள்.

நான் முதன்முதலில் வாயைத் திறந்தது இதைவிட மோசம். 2002-ல் கோவையிலிருந்து வந்தேன். அப்பாவுக்குக் காங்கேயம் பக்கம், சின்ன வயதில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போவார். பல்லைப் பார், சுழியைப் பார், நடக்கவிட்டுப் பார் என்பார். கம்பைனில் அரை டிராயரோடு ஒரு பையனை மேடையில் நிறுத்தி எடை போடுவதை டிவியில் பார்த்ததும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. மறுநாள் மேசையில் சிரித்துக்கொண்டே சொன்னேன், எங்கள் ஊர் மாட்டுச் சந்தை மாதிரியே இருக்கிறது என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. மாலையில் ஒரு மூத்த கறுப்பினச் சக ஊழியர் பார்க்கிங் வரை கூடவே நடந்து வந்தார். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், அணி முதலாளிகள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள், அரை நிர்வாணமாக நிறுத்தி அளப்பதைப் பார்க்கும்போது எங்களுக்கு வேறு ஒரு சந்தை நினைவுக்கு வரும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடிமைச் சந்தை ஒப்பீட்டை அமெரிக்கர்களே பல வருடமாகப் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் அதை விமர்சனமாகச் சொல்கிறார்கள், நான் நகைச்சுவையாகச் சொல்லிவிட்டேன். அந்த மனிதரோடுதான் பிறகு பத்து வருடம் ஆட்டம் பார்த்தேன், அது வேறு விஷயம். நீங்கள் மட்டும் மாடு, சந்தை, விலை என்ற பேச்சை எடுக்காதீர்கள்.

நீங்கள் பயப்படுவது தெரியாததைச் சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்றுதானே? தெரிந்தவர்கள் கதையைக் கேளுங்கள். என் முதல் டிராஃப்ட் 2003. லயன்ஸ் இரண்டாவதாக சார்லஸ் ராஜர்ஸ் என்ற ரிசீவரை எடுத்தது. சாகினாவில் பிறந்து மிச்சிகன் ஸ்டேட்டில் ஆடிய நம் மாநிலப் பையன், ஆபீஸே குதித்தது. பாவம், இரண்டு வருடம் தொடர்ந்து கழுத்தெலும்பு முறிந்தது, மொத்தம் 15 ஆட்டத்தோடு முடிந்துவிட்டது. மூன்றாவதாகப் போன ஆண்ட்ரே ஜான்சன் இன்று ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஆட்ட ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலில். அடுத்த வருடமும் முதல் சுற்றில் ரிசீவர், அதற்கடுத்த வருடமும் ரிசீவர். 2005-ல் பத்தாவதாக மைக் வில்லியம்ஸ்; பதினொன்றாவதாக டல்லாஸ் எடுத்த டிமார்கஸ் வேரும் ஹால் ஆஃப் ஃபேமில். சம்பளம் கொடுத்து, ஊர் ஊராக ஆள் அனுப்பி, வருடம் முழுக்கப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு இது. 2008-ல் 16 ஆட்டம் ஆடி 16-ம் தோற்றோம்.

டெட்ராய்ட்டில் மட்டும் இல்லை. நோபல் வாங்கிய பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் டிராஃப்டை வைத்து ஒரு ஆய்வே செய்திருக்கிறார்கள். ஆட்டத்தில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேரில் முதலில் எடுக்கப்பட்டவன் அடுத்து எடுக்கப்பட்டவனைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தால், 52 சதவீதத்தை ஒட்டி வருகிறது. காசைச் சுண்டினால் 50. அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021-ல் நாலாவது சுற்றில், 112-வது ஆளாக லயன்ஸுக்கு வந்தார். தனக்கு முன்னால் போன 16 ரிசீவர்களின் பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார் அந்தப் பையன். இப்போது லீகின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவர்.

ஆகவே உங்கள் மேனேஜர் கேட்டால் யார் பெயரையும் மனப்பாடம் செய்து சொல்ல வேண்டாம், அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். "நான் இன்னும் டேப் பார்க்கலை, நீங்க பார்த்ததுல யாரைப் பிடிச்சுது?" என்று திருப்பிக் கேளுங்கள், போதும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆட்டத்தில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதே பாதிச் சண்டை. குவார்ட்டர்பேக், எட்ஜ், லைனில் இடது ஓரம், எதிரணி ரிசீவரைத் துரத்தும் கார்னர்பேக், ரிசீவர், இவர்களுக்கு முதல் சுற்று இடத்தைச் செலவழித்தால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடும் ரன்னிங்பேக்கை எடுத்தால் சண்டை வரும். 2023-ல் லயன்ஸ் 12-வது இடத்தில் ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங்பேக்கை எடுத்தபோது பத்திரிகைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். நானும் திட்டினேன். அந்த வாயால்தான் பிறகு அவர் ஓட்டத்துக்கு விசிலடித்தேன்.

காயம்பட்ட பையனைப் பற்றிப் பேச்சு வந்தால் ஜேமிசன் வில்லியம்ஸைக் கேளுங்கள். 2022 ஜனவரியில் கல்லூரி இறுதி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்த ஆளை, அதே ஏப்ரலில் லயன்ஸ் முன்னால் ஏறிப்போய் 12-வதாக எடுத்தது. முதல் வருடம் ஆறே ஆட்டம், பொறுத்திருந்த பிறகு பலன் வந்தது. அவர் முதலில் ஆடியது ஓஹையோ ஸ்டேட்டில். அந்தக் கல்லூரியை மட்டும் மிச்சிகன்காரர்கள் முன்னால் அளவோடு புகழுங்கள், பங்காளிச் சண்டை அது, நமக்கு வேண்டாம்.

2024-ல் டிராஃப்ட் டெட்ராய்ட்டிலேயே நடந்தது. மகளோடு போனேன். ஏப்ரல் குளிரில் நின்றுகொண்டே இருந்தோம், மேடை ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர், அது வரைக்கும் எந்த ஊரிலும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஆட்டமே கிடையாது, தம்பி, ஒருவர் வந்து பெயர் படிப்பார், அவ்வளவுதான். அதற்கு அவ்வளவு கூட்டம். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், 1957-க்குப் பிறகு நாம் கோப்பையே வாங்கவில்லை, எங்களுக்கு ஏப்ரல்தான் சீசன் என்றார்.

முதல் சுற்று வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடியும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மீட்டிங் மட்டும் போட்டுவிடாதீர்கள். தனியாக அறையில் உட்கார்ந்து பார்ப்பதைவிடக் கான்டனுக்கு வாருங்கள், எங்கள் வீடு அங்கேதான். இந்த வருடம் கார்னர்பேக் எடுக்க வேண்டும் என்கிறாள் மகள், எட்ஜ் என்கிறேன் நான். வீட்டுக்காரி இரண்டு பேரையும் கண்டுகொள்வதில்லை, ஆனால் இட்லி சுட்டுத் தருவாள். உங்கள் ஓட்டு யாருக்கு என்று சாப்பிட்ட பிறகு சொன்னால் போதும்.