பேஸ் பெட்டி கடகடக்கிறதா? கேள்விகளும் பதில்களும்

பேஸ் கித்தாருக்கான ஸ்பீக்கர் பெட்டிகளைத் திறந்து மூடுவதே என் பிழைப்பு. வந்த கேள்விகளுக்கு வரிசையாக எழுதுகிறேன். முதல் பதிலைப் படித்துவிட்டு மற்றதைக் கேட்டால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம்.

ஐயா, எங்கள் தேவாலயத்தில் பத்து அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டி இருக்கிறது. தடித்த தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் வாசித்தால் மட்டும் 'டர்ர்' என்று சத்தம் வருகிறது. மற்ற சுரங்கள் சுத்தம். நான்கு ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். (நாகர்கோவில்)

மாற்றாதீர்கள். கெட்டுப்போன ஸ்பீக்கர் சுரம் பார்த்துக் கரகரக்காது, பல சுரங்களில் கரகரக்கும். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் சத்தம் என்றால், பெட்டியில் தளர்ந்த ஏதோ ஒன்று அந்தச் சுரத்துக்குக் கூடவே ஆடுகிறது. நீங்கள் சொல்லும் சுரம் 49 ஹெர்ட்ஸ். அதற்கு ஒத்ததிர்கிற பொருளைத்தான் தேட வேண்டும்.

கைபேசியில் சைன் அலை எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, அதை ஆம்ப்ளிஃபயரில் இணையுங்கள். ஒலியைக் குறைத்து வைத்து 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். (தொடர் ஒலியை உரக்க வைக்காதீர்கள். கித்தார் ஒலி எழுந்து அடங்கும், இது அடங்காது. வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டும் கம்பிச் சுருள், சூடாகிவிடும்.) சத்தம் எழும் இடத்தில் நிறுத்திவிட்டு, உள்ளங்கையால் ஒவ்வொரு பாகமாக அழுத்துங்கள். முதலில் முன்பக்கக் கிரில், பிறகு கைப்பிடி, மூலைக் காப்புகள், கம்பி செருகும் தகடு, சக்கரங்கள், கடைசியில் பின்பலகை. எதை அழுத்தும்போது சத்தம் சட்டென்று நிற்கிறதோ அதுதான் திருடன். கிரிலைக் கழற்றிவிட்டு ஒருமுறை வாசித்தும் பாருங்கள். என்னிடம் வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒருமுறை இரண்டு பேர் பார்த்துக் கைவிட்ட பெட்டி வந்தது. கையால் அழுத்தி எதுவும் பிடிபடவில்லை. சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. திறந்து பார்த்தால், உள்ளே ஒட்டிய பஞ்சு மெத்தைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் குளவி கட்டிய மண்கூட்டின் சில்லுகளும் கிடந்தன. காற்று போய்வரப் பெட்டியில் வைத்த குழல் வழியாகப் போனவை. செலவு பூஜ்யம். நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பெட்டியின் மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்து வாசிக்கும்போதுதான் சத்தம். (யாழ்ப்பாணம்)

ஆம்ப்ளிஃபயரைத் தரையில் இறக்கி வைத்து வாசியுங்கள். சத்தம் நின்றால் பெட்டி நிரபராதி.

எனக்கு எல்லாச் சுரங்களிலும் கரகரக்கிறது, மெதுவாக வாசித்தாலும். கடலுக்கு அருகே வீடு. (தூத்துக்குடி)

இப்போதுதான் ஸ்பீக்கர் மேல் சந்தேகப்படலாம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனின் (ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பு) நடுவட்டத்தைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, மெல்ல உள்ளே தள்ளி விடுங்கள். அறை அமைதியாக இருக்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் மூச்சு விடுவதுபோலப் போய் வரும். கெட்டது உப்புத்தாளில் தேய்ப்பதுபோல விரலுக்கே தெரியும். ஒரு பக்கமாகத் தள்ளினால் நல்ல ஸ்பீக்கரும் உரசும், ஏமாந்துவிடாதீர்கள்.

வாய்ஸ் காயில் ஓடும் காந்த இடைவெளி மிகக் குறுகியது. சூட்டில் காயில் உப்பினாலும், ஸ்பைடரின் (காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் மடிப்புத் துணி) பசை விட்டாலும், பெட்டி கீழே விழுந்து காந்தம் நகர்ந்தாலும் உரசல் வரும். உங்கள் ஊரில் நான்காவது காரணமும் உண்டு. உப்புக் காற்றில் இடைவெளியின் இரும்பு துருப்பிடித்துப் பொருக்கு எழும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை என்று மட்டும் பொருள். உரசவில்லை என்று பொருளில்லை. உரசினால் கோனும் காயிலும் மாற்ற வேண்டும். மலிவான ஸ்பீக்கருக்கு அந்தச் செலவு தகாது, புதிதே வாங்கலாம். வயதாகிக் கோன் தொங்கியிருந்தால் ஸ்பீக்கரின் மேல்பக்கம் கீழே வரும்படி அரைச்சுற்று திருப்பி மாட்டிப் பாருங்கள், சில மாதங்கள் ஓடும்.

கழற்றுவது எப்படி? நானே செய்யலாமா? (திருச்சி)

செய்யலாம். ஆனால் மின் திருப்புளியைத் தொடாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், தொடாதீர்கள். ஸ்பீக்கரின் காந்தம் திருப்புளி முனையை 'வா' என்று இழுக்கும். கை ஒரு நொடி வழுக்கினால் கோனில் ஓட்டை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் போட்ட ஓட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. கைத் திருப்புளி, மறுகை கோனுக்கு மேல் கேடயமாக. மாட்டும்போது எதிரெதிர்த் திருகுகளாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கினால் சட்டம் கோணி, இல்லாத உரசலை நீங்களே உண்டாக்குவீர்கள்.

திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் உள்ள டி-நட் (திருகைப் பிடிக்கப் பலகையில் பதித்த உலோகத் துண்டு) பிடி விட்டிருக்கிறது. மரை மேல் படாமல் ஆரால்டைட் தடவி மறுபடி பொருத்துங்கள். மரத் திருகு என்றால், துளையில் ஃபெவிகால் தடவிய மூங்கில் குச்சியைச் செருகிக் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள். கழற்றும் முன் எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மாற்றி மாட்டினால் நான்கில் ஒன்று மற்ற மூன்றுக்கு எதிராக ஆடி, அடிச்சுரமே மெலிந்துவிடும். மாட்டிய பிறகு 1.5 வோல்ட் பேட்டரியைப் பெட்டிக்குப் போகும் கம்பியின் இரு முனைகளில் ஒரு கணம் தொடச் செய்யுங்கள். எல்லாக் கோனும் ஒரே திசையில் நகர வேண்டும்.

காகிதக் கோனில் இரண்டு சென்டிமீட்டர் கிழிசல். (கோவை)

பட்டம் செய்யும் மெல்லிய தாளைக் கிழித்து (வெட்டாமல், ஓரம் பிசிறாக இருக்க), தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து இருபுறமும் ஒட்டுங்கள். ஒரு நாள் காயட்டும். உடனடிப் பசை வேண்டாம், விறைத்துப்போய் அதன் ஓரத்திலேயே மறுபடி கிழியும்.

ஒரே ஒரு சுரத்தில் மட்டும் சத்தம் வருகிறது, ஸ்பீக்கர் போய்விட்டதா? (சேலம்)

முதல் பதில்.

ஐந்து தந்தி பேஸ். கீழ்த் தந்தியில் கோன் 'படபட' என்று அடிக்கிறது. (சிங்கப்பூர்)

அந்தத் தந்தி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். குழல் வைத்த பெட்டியைக் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு இசைவித்திருப்பார்கள். அதற்கு மேல் பெட்டிக்குள் உள்ள காற்று கோனைத் தாங்கும். கீழே போனால் தாங்காது, கோன் கட்டவிழ்த்த மாடுபோல ஓடும். பெட்டியைக் குறை சொல்ல முடியாது. பேஸ் குமிழைக் குறையுங்கள். முடிந்தால் 35 ஹெர்ட்ஸ் வாக்கில் கீழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டி ஒன்றை வாங்குங்கள். மூடிய பெட்டியில் இந்தத் தொல்லை குறைவு. 1969ல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்ப்ளிஃபயரின் எட்டு ஸ்பீக்கர் பெட்டி அந்த வகை. தூக்க நான்கு பேர் கிடைத்தால் நல்லது.

'புஸ்' என்று காற்று கசியும் சத்தம். (மதுரை)

கீழ்ச் சுரத்தை ஒலிக்கவிட்டு, ஊதுபத்திப் புகையை மூட்டுகளின் ஓரம் காட்டுங்கள். புகை துடிக்கும் இடம் கசிவு. கிரில் துணியிலிருந்து தள்ளியே பிடியுங்கள்.

400 வாட் பெட்டிக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபயர் போட்டதால்தான் ஸ்பீக்கர் கெட்டு இரைகிறது என்றார் கடைக்காரர். (சென்னை)

உங்களுக்கு இன்னொரு ஆம்ப்ளிஃபயர் விற்கப் பார்க்கிறார். மெல்லப் பேசுவதால் கேட்பவன் காது செவிடாகுமா?

மன்னிக்கவும், இது தவறு. என் ஸ்பீக்கர் அப்படித்தான் எரிந்தது. ஆம்ப்ளிஃபயர் திணறும்போது அலையின் உச்சி தட்டையாகி நேர்மின்சாரமாக (டி.சி.) மாறிவிடும். (பெங்களூரு)

தட்டையாகும், சரி. நேர்மின்சாரமாகாது. உச்சி மேலே எவ்வளவு தட்டையோ கீழேயும் அவ்வளவு தட்டை, சராசரி பூஜ்யமே. அவுட்புட் டிரான்சிஸ்டர் பழுதானால் நேர்மின்சாரம் வரும். அப்போது கோன் ஒரு பக்கமாகப் பாய்ந்து அங்கேயே நிற்கும், தீய்ந்த வாடை வரும். அது வேறு கதை.

அப்படியானால் என்னுடையது எதனால் எரிந்தது? (அவரே)

எத்தனை வாட்?

ஆம்ப்ளிஃபயர் 300, ஸ்பீக்கர் 350. (அவரே)

இதோ வந்துவிட்டது. முழுக்கத் திணறும் ஆம்ப்ளிஃபயர் தன் பெயர்ப்பலகையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு வரை தரக்கூடும். உங்கள் 300 கிட்டத்தட்ட 600. 350 எப்படித் தாங்கும்? அதிகச் சக்தியில்தான் எரிந்திருக்கிறது. சென்னைக்காரரின் 100 எவ்வளவு திணறினாலும் 200ஐத் தாண்டாது.

பெட்டியில் உள்ள சிறிய ட்வீட்டர் எரியுமே? (திருநெல்வேலி)

எரியும். திணறலில் பிறக்கும் உயர் அதிர்வெண்கள் அங்கேதான் போகும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், பெங்களூரு அன்பரிடம் அந்த அளவுக்குத் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய ஸ்பீக்கர் அப்படி எரியாது. இத்துடன் இந்த வழக்கு முடிந்தது.

பெட்டியை இணைக்கக் கித்தார் கேபிளே போதுமா? முனை ஒன்றுபோலத்தானே இருக்கிறது? (புதுச்சேரி)

போதாது. உள்ளே கம்பி முடியளவு மெலிது, சூடாகும். ஸ்பீக்கர் கேபிள் என்று எழுதியதையே வாங்குங்கள். வால்வ் ஆம்ப்ளிஃபயர் என்றால் பெட்டியை இணைக்காமல் வாசிக்கவே கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஒரு சுரம் மட்டும்... (ஈரோடு)

முதல் பதில்!

என் கீபோர்டில் இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை. (வேலூர்)

நான் பெட்டி ஆள். கீபோர்டு பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

ஐயா, நாகர்கோவிலிலிருந்து மறுபடியும். கைப்பிடியின் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன. மெல்லிய ரப்பர் வைத்து இறுக்கினேன். வீட்டில் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஆலயத்தில் வாசித்தால் அதே சுரத்தில் இப்போதும் 'சர்ர்' என்கிறது.

முதலில் 'டர்ர்', இப்போது 'சர்ர்'. பெட்டிக்குப் பக்கத்தில் டிரம்ஸ் இருக்கிறதா? ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிச் சுருளை விடுவித்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.

நின்றுவிட்டது ஐயா. மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

டிரம்ஸ் வாசிக்கும் தம்பியிடம் சொல்லுங்கள், பாடல்களுக்கு நடுவே அந்தக் கம்பிச் சுருளின் நெம்புகோலைத் தளர்த்தி வைக்கட்டும்.