தார் காலேஜ் பசங்க வண்டியா?

திருச்சி உறையூரில் 22 வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: இந்த வயசுக்கு இந்த வண்டியா? அதனால் நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 64 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மஹிந்திரா தார் வாங்க ரொம்ப நாள் ஆசை. "அது காலேஜ் பசங்க வண்டி, ஊர் சிரிக்கும்" என்கிறார்கள் மகன்கள். வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஊரை விடுங்கள் ஐயா. உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? ஷோரூமுக்குப் போகும்போது வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வழக்கமாகக் கட்டும் புடவையிலேயே. இரண்டு பேரும் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். முதல் மூன்று தடவை ஆசையே தூக்கி ஏற்றிவிடும். ஏழாவது, எட்டாவது தடவையில்தான் இடுப்பும் முழங்காலும் பேச ஆரம்பிக்கும். மூன்று கதவு தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டைச் சாய்த்து நுழைய வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, சம்பந்தியம்மாவுக்குச் சிரமம். 2024 ஆகஸ்ட்டில் வந்த தார் ராக்ஸில் பின்கதவுகள் உண்டு. அதிலும் ஏறிப் பாருங்கள்.

அடுத்தது கண். ராத்திரி எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் சிதறித் தெரிந்தால், புக்கிங்குக்கு முன்னால் கண் டாக்டரிடம் போங்கள், புரை இருக்கலாம். லைசென்ஸ் தேதியையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள், டாக்டர் கையெழுத்துடன் படிவம் 1ஏ வேண்டும். அது முதியவர்களுக்கான விதி என்று மகன்கள் சொன்னால், 40 தாண்டிய எல்லோருக்கும் அதே படிவம்தான் என்று சொல்லுங்கள்.

கண்ணும் காலும் சரி என்றால் தாராளமாக வாங்குங்கள். 35 வருடம் அடுத்தவர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். இது உங்கள் சொந்தப் பணம்.

கேள்வி: அப்பாவின் 2012 வேகன் ஆர் எனக்கு வந்திருக்கிறது. வயது 26. ஆபீஸில் "தாத்தா வண்டி" என்று கேலி செய்கிறார்கள். விற்றுவிட்டு வேறு வாங்கட்டுமா?
– வாசகி, ஓசூர்

பதில்: அந்த வண்டி பிறந்த கதையைச் சொல்கிறேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தது, விளம்பரத்தில் ஷாருக் கான். அடுத்த வருடம் டிசம்பரில் வேகன் ஆர். இரண்டுமே உயரக் கூரை. மாருதி 800-க்குள் குனிந்து நுழைந்து பழகியிருந்த எங்கள் தெருப் பெரியவர்கள் "இதென்ன டப்பா மாதிரி" என்றார்கள். வாங்கியவர்கள் 35 வயதுச் சம்பளக்காரர்கள். அவர்களுக்கு இப்போது 60. அவர்களோடு சேர்ந்து வண்டிக்கும் தாத்தா பட்டம் வந்துவிட்டது. அம்பாசிடருக்கும் இதேதான் நடந்தது.

பட்டத்துக்கு இன்னொரு காரணம் சீட்டின் உயரம். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம், முதுகு வலிக்காது, பெரியவர்கள் விரும்புவார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அதுவேதான் வசதி: சாலை நன்றாகத் தெரியும், கண்ணாடியெல்லாம் பெரிது. என் ஸ்கூலில் 18 வயதுப் பிள்ளைகளை அதில்தான் முதலில் உட்கார வைக்கிறேன். அமெரிக்காவில் 2003 மாடலாக ஹோண்டா எலிமென்ட் என்றொரு பெட்டி வண்டி வந்தது. கல்லூரிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தார்கள். தட்டையான தரை, அகலத் திறக்கும் கதவுகள். கடைசியில் அதை விரும்பி வாங்கியவர்களில் நடுவயதுக்காரர்கள் நிறையப் பேர். சாமான் ஏற்ற, ஏறி இறங்கச் சுலபம் என்பதுதான் காரணம்.

விற்க வேண்டாம். ஆர்.சி. தேதியை மட்டும் பாருங்கள், சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 53 வயது. இப்போதுதான் கார் பழகப் போகிறேன். ஆட்டோமேட்டிக் வாங்கலாம் என்றால், "அது முடியாத கிழடுகள் ஓட்டுவது" என்கிறார் கணவர்.
– வாசகி, மதுரை

பதில்: சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஊர்க் காவிரிப் பாலத்தில், சிந்தாமணியிலிருந்து மாம்பழச்சாலை வரை ஹாஃப் கிளட்ச்சிலேயே ஊர்ந்து பார்க்கச் சொல்லுங்கள் அவரை. 25 வயதுப் பையனுக்கே இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். 2014-இல் மாருதி செலேரியோவோடு, கிளட்சையும் கியரையும் வண்டியே பார்த்துக்கொள்ளும் ஏ.எம்.டி. வந்த பிறகு சின்ன வண்டியிலும் ஆட்டோமேட்டிக் கிடைக்கிறது, விலை கிட்டத்தட்ட அரை லட்சம் கூடும். கியர் மாறும்போது லேசாகத் தயங்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். லைசென்ஸுக்குக் கிளட்ச் வண்டியில் பழகுங்கள், அப்புறம் இதற்கு மாறுங்கள். மாறும் முதல் நாட்களில் இடது கால் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். அந்தக் காலைச் சீட்டை ஒட்டி மடக்கியே வைத்திருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மாணவி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். 61 வயது. கணவருக்குப் பக்கவாதம். வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு ஆட்டோ தேடி அலுத்துப்போய்க் கார் பழக வந்தார். வண்டி பார்க்க நானும் கூடப் போனேன். "டிக்கியில் வீல்சேரை மடித்து வைத்தால் கதவு மூடுமா?" என்று கேட்டார். சேல்ஸ் பையன் அவரைப் பார்க்கவே இல்லை. மகனிடம் திரும்பி, "அம்மாவுக்கு இந்தச் சின்ன வண்டி போதும் சார், கோயிலுக்குப் போய்வர" என்றான். கேட்டது வீல்சேரைப் பற்றி, கிடைத்த பதில் கோயிலைப் பற்றி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வீல்சேரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வேறு ஷோரூமுக்கு வந்துவிட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே தூக்கி வைத்துப் பார்த்தார். முதல் வண்டியில் சக்கரம் இடித்தது. இரண்டாவதில் கைப்பிடி கண்ணாடியைத் தொட்டது. மூன்றாவதில் கதவு "டப்" என்று மூடியது. அதையே எடுத்தார். அதுவும் ஆட்டோமேட்டிக்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையன் ஸ்விஃப்ட் ஓட்டுகிறான். என் மகனும் அதேதான் வேண்டும் என்கிறான், வயது 17. ஸ்விஃப்ட் என்றாலே வேகம் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 2005-இலிருந்து ஓடும் வண்டி அது. அறுபது வயது டாக்டர்களும் ஓட்டுகிறார்கள், வாடகை டாக்ஸிக்காரர்களும் ஓட்டுகிறார்கள். வேகம் ஓட்டுகிறவர் காலில் இருக்கிறது. பிரிட்டனில் எந்தக் கார் என்பதைப் பொறுத்து இன்சூரன்ஸ் பிரீமியம் மாறும். சின்ன வயதுக்காரர்களுக்குப் பிரீமியம் எகிறும், அதனாலேயே அவர்கள் சின்ன இன்ஜினில் தொடங்குகிறார்கள். நம் ஊரில் அந்தக் கடிவாளம் கிடையாது, பெற்றவர்கள்தான் பிடிக்க வேண்டும்.

வண்டிப் பெயரை விட 17 என்ற எண்ணுக்குத்தான் நான் பயப்படுகிறேன். 18 ஆகாமல் ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை உங்கள் பையிலேயே வைத்திருங்கள். 18 முடிந்த அன்றைக்கு எல்.எல்.ஆர். போட்டு நல்ல ஸ்கூலாகப் பார்த்துச் சேருங்கள். எந்த வண்டி என்பதை அவன் ரிவர்ஸ் ஒழுங்காக எடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.